பனங்கட்டிக் குட்டான்

தூரத்தில் ஷெல் குத்துகிற சத்தம். பிறகு கூவல்.

"விழுந்து படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!"

வீதியோர வெள்ளத்துக்குள் கிடக்கிறேன். எனக்கடியில் மகள். பக்கத்தில் என் மனுசன். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஊசி மருந்துக் குப்பியை நெஞ்சோடு பிடித்திருக்கிறார். வெடித்தது. எழும்பினோம். அவருடைய வலது காலில் செருப்பு இல்லை. உள்ளங்காலைத் தகரம் கிழித்திருந்தது.

உடுவிலில் வீட்டை விட்டு அன்றுதான் வெளிக்கிட்டிருந்தோம். மழை. நடை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம்.

அங்கே அவருக்குக் காய்ச்சல். சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கிப் பார்க்க எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் காட்டித் தந்தது. சீனி கூடினால் செங்கல் நிறம். அன்று செங்கல் நிறம்.

எங்களிடம் இருந்த ஒரே இனிப்பு ஒரு குட்டான் பனங்கட்டி. ஓலைப்பெட்டியில் கட்டியபடி பைக்குள் கிடந்தது. நான் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பனங்கட்டியைக் களவாத் திண்டனீங்களோ?"

நான் சத்தமாகக் கதைக்கிறவள் அல்ல. அன்று எல்லோரும் கேட்கக் கதைத்தேன்.

"நான் தொடேல்லையப்பா."

"அப்ப சீனி வானத்தாலையோ விழுந்தது?"

"வானத்தாலை விழுறது வேறை சாமான், தங்கச்சி," என்றார் பக்கத்துப் பாய்க்காரர். சனம் சிரித்தது. என் மனுசன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாகத்துக்குத் தானே நொண்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். காலை வேட்டியால் மூடிக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். புண் மணத்தபோதுதான் வேட்டியை விலக்கினேன். கால் கறுத்திருந்தது. மாட்டு வண்டிலில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதல் மூச்சு நின்றது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கக் குட்டானை எடுத்தேன். வீட்டில் நான் போட்ட முடிச்சு. அப்படியே இருந்தது.

இப்போது எனக்கும் சீனி. போன மாதம் காய்ச்சல். கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் குடித்தேன். கிளினிக்கில் பார்த்தால் சீனி ஏறி நிற்கிறது. மகள் பகிடியாகக் கேட்கிறாள்.

"அம்மா, என்னத்தைக் களவாத் திண்டனீங்கள்?"

"அம்மாவை ஏசாதேங்கோ," என்றார் தாதி. "சாப்பாட்டாலை மட்டுமில்லை. காய்ச்சல், புண், பயம், எல்லாத்துக்கும் சீனி ஏறும்."

அன்று அவருக்கு மூன்றும் இருந்தன.

போனவை. கல்வீடு ஒன்று. பசு இரண்டு. செருப்பு ஒற்றை. என் மனுசன்.

பனங்கட்டியில் ஒன்றும் குறையவில்லை.