கட்டத்துக்குள் நின்ற குழந்தை வண்டி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றைக் காவல் நிலைய விசாரணை அலுவலர் என் அடையாள அட்டையைப் பார்த்து முதல் தாளில் எழுதிக்கொண்டார். எனக்கு வயது நாற்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். கடை நேரம் போக ஒரு சிறு நாடகக் குழுவில் மேடைக்குப் பின்னால் இருக்கும் வேலைகளைப் பார்க்கிறேன். எதைக் கண்டாலும் வெள்ளை டேப் ஒட்டி இடம் குறித்து வைப்பதால் குழுவில் என்னை டேப் அக்கா என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து நான் இங்கே பேசவில்லை.

கோடை விடுமுறையில் புதிய நாடகக் குழுக்களுக்காக நடத்தும் பத்து நாள் விழாவில் எங்கள் நாடகத்துக்கு நேற்றும் இன்றும் பிற்பகல் மூன்று மணிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அரங்கம் முன்பு காகிதக் கிடங்காக இருந்த கட்டடம். இருபது நிமிட நாடகத்தில் ஒருத்திதான் நடிக்கிறாள். அவளுக்கு வயது இருபத்தேழு, ஐந்து மாத ஆண்குழந்தையின் தாய். குழந்தையை நாங்கள் உருண்டை என்று கூப்பிடுவோம். பெற்றவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். நாடகத்தை அவளே எழுதினாள். தூக்கமில்லாமல் கைக்குழந்தையோடு நாள் முழுக்கத் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் கதை. கடைசியில் அந்தப் பெண் வண்டியிலிருந்து குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி, "போ, எங்கயாவது போ" என்று கத்தித் தரையில் எறிவாள். எறிவது துண்டில் சுற்றிய தலையணை உறை, உள்ளே ஏழு கிலோ மணல். அது விழும் சத்தத்தில் நேற்று முன்வரிசையில் இருந்தவர்கள் அலறிவிட்டார்கள். அந்த வரிசையில் அவளுடைய நாத்தனாரும் இருந்தார். எங்களிடம் வேறு வண்டி இல்லாததால் உருண்டையின் சொந்த வண்டியைத்தான் மேடைக்கும் பயன்படுத்தினோம்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடைக்குப் போக வேண்டிய பொருள்களைப் பக்கத்திரைக்குப் பின்னால், நான் டேப் ஒட்டிய கட்டத்துக்குள் வைக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் கட்டத்துக்குள் இருப்பதெல்லாம் மேடைக்குப் போகும். இருட்டில் டார்ச் அடிக்கக்கூடாது, தடவிப் பார்க்கக்கூடாது, யாரையும் கேட்கக்கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவள் நான்தான். இதை மீறியவர்களை வாய் ஓயாமல் திட்டியவளும் நான்தான்.

வழக்கமாக நாடக நேரத்தில் குழந்தையை நாத்தனார் வைத்துக்கொள்வார். இன்று அவருக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்ததால் நான்கு மணிக்குத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார். குழந்தையோடு வந்தவள், "இன்னைக்கு வேணாம்க்கா, நாடகத்தை நிறுத்திடலாமா?" என்று கேட்டாள். "அஞ்சு மாசமா வீட்டுக்குள்ள கிடந்து எழுதினது இதுக்குத்தானா? எங்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் சொன்னேன். அதன் பிறகு மேக்கப் அறையில் பாய் விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்து, மேக்கப்காரரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னோம்.

இரண்டரை மணிக்கு மேக்கப் அறையில் மட்டும் மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் அறை அடுப்பாகிவிட்டது. குழந்தையின் கழுத்தெல்லாம் வியர்வை. நான் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்திரைக்கு வந்தேன். அங்கே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் என் கட்டமும் வண்டியும் இருந்தன. மணல் மூட்டையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, உருண்டையைத் துண்டில் சுற்றி வண்டியில் படுக்க வைத்தேன். உடனே தூங்கிவிட்டான். ஐந்து நிமிட மணி அடிக்கும்போது அவனை எடுத்து மேக்கப்காரரிடம் கொடுத்துவிட்டு மூட்டையைத் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தாய் அப்போது மேடையின் அந்தப் பக்கத்தில் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. மேக்கப்காரரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு மேலே ஒரு விளக்கு எரியவில்லை என்று விளக்குக்காரர் கூப்பிட்டார். ஏணியில் ஏறி பல்பை மாற்றிக்கொண்டிருந்தபோது ஐந்து நிமிட மணி அடித்தது. இறங்குவதற்குள் இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. மூச்சு வாங்க ஓடி வந்தேன், விளக்கு அணைந்தது, கட்டத்துக்குள் கை வைத்தேன், வண்டியை மேடைக்குத் தள்ளினேன். குழந்தையும் மூட்டையும் ஏறக்குறைய ஒரே எடை என்பதால் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. பகலெல்லாம் ஊருக்குக் கண்ணாடி விற்கிறவளுக்குக் கண் இருந்த லட்சணம் இதுதான்.

நாடகம் மூன்று மணிக்குத் தொடங்கியது. நாத்தனார் சொன்ன நேரத்துக்கு முன்பே, மூன்றே காலுக்கு, வந்துவிட்டார். மேக்கப் அறையில் வெறும் பாய் கிடந்தது. மேக்கப்காரர், "குழந்தை டேப் அக்காகிட்ட இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். நாத்தனார் பக்கத்திரைக்கு வந்த அதே நேரம், தாய் வண்டிக்குள் கைவிட்டுத் துண்டோடு தூக்கினாள். துண்டு விலகி ஒரு குட்டிப் பாதம் தெரிந்தது. நாத்தனார், "ஐயோ, புள்ள!" என்று கத்தினார். அடுத்து என்ன நடக்கும் என்று நேற்றே பார்த்தவர் அவர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கத்தியிருப்பேன், போலீசைக் கூப்பிட்டிருப்பேன். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

தாய் அந்தச் சத்தத்துக்கு முன்பே நின்றுவிட்டாள் என்பதை உறுதியாகச் சொல்கிறேன். மார்பு உயரத்துக்கு மேல் கை போகவில்லை. முகம் வெளுத்துவிட்டது. குழந்தையைத் தோளில் சாய்த்து, "வந்துட்டியாடா" என்று மட்டும் சொன்னாள். அந்த வசனம் நாடகத்தில் கிடையாது. அதன் பிறகு நேராக என் பக்கம் நடந்து வந்தாள். விளக்குக்காரர் விளக்கை அணைத்தார். பார்த்தவர்கள் முடிவே அதுதான் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் உருண்டை விழித்து அழுதான். அவன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார். விழாக்காரர் ஓடிவந்து, "நேத்தைவிட இன்னைக்குத்தான் நெஞ்சை உலுக்கிடுச்சு" என்று பாராட்டினார். அவரைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

பெற்ற பிள்ளையைக் கைதட்டலுக்காகத் தாயே திட்டமிட்டு மேடையில் வைத்தாள் என்று நாத்தனார் புகார் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், விழாக்காரரின் பாராட்டையும் அதில் சேர்த்திருப்பதாகவும் அலுவலர் தெரிவித்தார். குழந்தை தாயிடம் இருக்கலாமா, தகப்பன் வீட்டாரிடம் போக வேண்டுமா என்பதைக் குழந்தை நல அலுவலர் நாளை காலை முடிவு செய்வார் என்றும் தெரிவித்தார். திட்டம் எதுவும் இல்லை. வண்டியில் குழந்தை இருந்தது அவளுக்குத் தெரியாது.

"வண்டியில குழந்தை இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று அலுவலர் கேட்டதற்கு, "அவ தூக்கினப்பதான் மேடம்" என்று முதலில் சொன்னேன். அது பொய். எழுதியதை அடித்துவிட்டுப் பின்வருமாறு எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

நாடகம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் உட்காரலாம் என்று நாற்காலிப் பக்கம் திரும்பினேன். மணல் மூட்டை நாற்காலியில் இருந்தது. வண்டியில் இருப்பது உருண்டை என்று அப்போதுதான் புரிந்தது. எறியும் காட்சிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மேடைக்குள் போயிருக்கலாம், விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கலாம், பேர் சொல்லிக் கத்தியிருக்கலாம். இருபது வருடமாக ஒரு நாடகத்தையும் நடுவில் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் இவளுடைய விழா, இவளுடைய பெயர் எல்லாம் போய்விடுமே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்து அவள் ஒரு குடையை வாங்கப் பக்கத்திரை ஓரத்துக்கு வருவாள், அப்போது காதில் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

வந்தாள். ஒரு முழத் தூரத்தில் நின்றாள். கை நீட்டினாள். நடிக்கிறவர்களிடம் பேசக்கூடாது, பேசினால் வசனம் மறந்துவிடும் என்பது எங்கள் வழக்கம். குடையைச் சரியான நேரத்தில் அவள் கையில் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவளாக நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. பிள்ளையை விட நாடகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. பெற்றவளுக்கு அப்படி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்படிச் சொன்னால் வழக்கு என் மேல் திரும்பும் என்று அலுவலர் எச்சரித்தார். புரிந்துகொண்டேன். இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை. தாய் இப்போது நிலையத்து வராந்தாவில் பெஞ்சில் பிள்ளையோடு எனக்காகக் காத்திருக்கிறாள். "அக்கா பாவம், தெரியாம நடந்துபோச்சு, அவங்களை எதுவும் செஞ்சிடாதீங்க மேடம்" என்று அவள் சொல்வது உள்ளே எனக்குக் கேட்டது.

எழுதியதைப் படித்துக் காட்டப் போவதாக அலுவலர் சொல்லி, வெளியே கேட்கும் என்று கதவைச் சாத்த எழுந்தார். சாத்த வேண்டாம், சத்தமாகவே படியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கதவு திறந்திருக்கப் படித்துக் காட்டப்பட்டது. முழுவதும் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)

என் முன்பாகக் கையொப்பமிட்டார். விசாரணை அலுவலர்.