அழுக்குத் துணியோடு வரச் சொன்னவருக்கு

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் முற்பகலில், திருவொற்றியூரின் இந்தச் சுகாதார நிலையத்தில் எடை மேசையருகே நின்று, ரோஜா நிறக் கவுனும் வெள்ளிக் கொலுசும் போட்டு வந்த ஒரு பெண் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "இன்னாமா பவுடரு இது, ஆஸ்பத்திரியே கமகமன்னு கீது!" என்று சிரித்த செவிலியர் அம்மையீர்! வியாசர்பாடி வளர்த்து எங்களுக்கு வழங்கிய வைராக்கியமே! முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் மூக்கைப் பொத்தாத மூத்தவரே! எங்கள் செங்கொடி சிஸ்டர் அவர்களே!

பணி ஓய்வு மடலுக்கு விளிப்பு இதோடு போதும். "வானமே, நெலாவேன்னு எழுதிக்கினு வந்தீங்க, மேடையிலயே கிழிச்சி கையில குடுத்துடுவேன்" என்று போன வாரமே எச்சரித்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததையே எழுதியிருக்கிறோம்.

அந்தக் குழந்தையின் பெயர் உஸ்மா. தாய் ஜெரினா, இன்று நம் பதிவு மேசையில் உட்காரும் அதே ஜெரினாதான். அன்று அவளுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. விம்கோ நகர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வீடு, கண்டெய்னர் யார்டுக்குப் போய்வரும் கணவர் அப்சல், நடை பழகிக்கொண்டிருந்த ஒரு மகள். அவ்வளவுதான் அவள் உலகம்.

அந்தப் புதன்கிழமை காலை அவள் வெந்நீர் வைத்து உஸ்மாவைக் குளிப்பாட்டினாள். இடுப்புக்குக் கீழே தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. புட்டமும் தொடையிடுக்கும் தோலுரித்த தக்காளியாகச் சிவந்து, கசிந்துகொண்டிருந்தன. ஜெரினா ஈரத்தை ஒற்றியெடுத்து, அதன்மேல் பவுடரைக் கொட்டினாள். வீட்டில் கட்டுவது பழைய வேட்டியைக் கிழித்த துணிதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று கடையில் ஒற்றை டயப்பர் கேட்டு வாங்கிக் கட்டினாள். இரண்டு மாதமாகவே உஸ்மாவுக்கு ஒரு நாளில் ஆறேழு தடவை போய்க்கொண்டிருந்தது. மூக்குச்சளி போன்ற வழவழப்பு, புளித்த வாடை, சில நாள் சிவப்பு நூல் ஓடியது போல ஒரு கோடு. முந்தின நாள் துணிகள் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. வாளியை மூடி வைத்துவிட்டுத்தான் அவள் வாசலைப் பூட்டினாள்.

இதையெல்லாம் ஏன் நம்மிடம் மறைத்தாள் என்று இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தோன்றினால், அதற்கான பதில் அவளிடம் இல்லை, எங்களிடம் இருக்கிறது. அதற்கு முந்தின மாதம் இதே வராந்தாவில், வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பிலேயே அவள் குழந்தை வெளிக்குப் போய்விட்டது. "ஐய்ய, கலீஜு! வெளிய போய் கய்விகினு வா, போ!" என்று துரத்தியவர் நம் ஆயா பச்சையம்மா. சிரித்தவர்களும், முந்தானையால் மூக்கை மூடியவர்களும் மீதிப் பணியாளர்களாகிய நாங்கள். துரத்தப்பட்டவளுக்குப் பின்னால் இரண்டாவதாக ஜெரினா நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் குழந்தையை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதை அவள் அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அந்தப் புதன்கிழமை அவள் முறை வந்தது. "வெளிக்கி ஒழுங்கா போறாளா?" என்று கேட்டீர்கள். முப்பது பேர் காது நீட்டிக்கொண்டிருந்தார்கள். "போறா சிஸ்டர்" என்றாள். கவுனோடும் கொலுசோடும் கனத்துப்போன டயப்பரோடும் குழந்தையை எடைக்கருவியில் கிடத்தினாள். டயப்பரைக் கழற்றுவதற்காக அதன் ஒட்டுப்பட்டையில் நீங்கள் விரலை வைத்தீர்கள். வாசலைத் தாண்டி வரிசை நின்றது. விரலை எடுத்துவிட்டீர்கள். எடை சரியாக இருப்பதாகக் கருவி சொன்னது. உஸ்மாவைத் தூக்கி வரிசைக்குக் காட்டி, "பாத்துக்கோங்கடி, புள்ளய இப்டி வச்சிகினு வரணும்" என்றீர்கள்.

ஜெரினாவுக்கு அன்று வீடு போகும் வரை பெருமை தாங்கவில்லை. அதைச் சொல்ல அவள் இன்றும் கூசுகிறாள். ஆனாலும் அது உண்மை.

பாலைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாலில் சொல்ல என்ன இருக்கிறது? முதல் பிறந்தநாள் முடிந்ததும் தாய்ப்பாலை நிறுத்திப் பாக்கெட் பால் கொடுக்கத் தொடங்கினாள். அடுத்த இரண்டாவது வாரமே வயிறு இளகியது. தெருவில் சூடு என்றார்கள். தேரடிப் பக்கம் தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோனார்கள். அவர் வயிற்றை நீவி, குழல் வைத்து உறிஞ்சி, தொண்டையில் சிக்கியிருந்தது என்று ஒரு துண்டு இட்லியைக் காட்டினார். உஸ்மா அந்த வாரம் இட்லியே தின்றிருக்கவில்லை. "வவுறு கெட்டுக் கீது, சோறு கீறு குடுக்காத, பாலு மட்டும் குடு" என்றார்கள் பக்கத்து வீட்டில். ஜெரினா சோற்றை நிறுத்தினாள். இரண்டு வேளைப் பால் ஐந்து வேளை ஆனது. பிஸ்கட்டும் பாலில்தான் தோய்ந்தது. வயிறு எவ்வளவுக்குக் கெட்டதோ அவ்வளவுக்குப் பால் கூடியது. பால் எவ்வளவுக்குக் கூடியதோ அவ்வளவுக்கு வயிறு கெட்டது. அந்த வட்டத்துக்குள் குழந்தை உருகிக்கொண்டிருந்ததைக் கவுன் மறைத்துவிட்டது.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. பிறகு தண்ணீராகவே போனது. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வாலைப் பிடித்தாற்போல் நின்றிருந்தன. அந்த லாரிகளுக்குப் பெட்டி ஏற்றுகிற அப்சல் ஆட்டோவிலிருந்து இறங்கி ஒவ்வொரு டிரைவராகக் கெஞ்சினார். நகர்வதற்கு யாருக்கும் இடம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் முதல் காரியமாக டயப்பரைக் கழற்றினார். பார்த்தார். "எத்தன நாளாம்மா இப்டி?" என்றார். ஜெரினா அப்போதுதான் முதல்முறையாக உண்மையைச் சொன்னாள்: "ரெண்டு மாசமா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் உஸ்மா போய்விட்டாள். மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தையாக இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாதக்கணக்கில் தேய்ந்த உடம்பில் புதிதாக ஒரு கிருமி வந்து, இருந்த நீரையும் வற்றடித்துவிட்டது என்றார். முன்னாலேயே தெரிந்திருந்தால் பாலை மாற்றிப் பார்த்திருக்கலாம் என்றார். 'இருக்கலாம்', 'பார்த்திருக்கலாம்'. ஜெரினாவிடம் மிஞ்சியவை அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

பத்தாம் நாள் நீங்கள் அவள் வீட்டுக்குப் போனீர்கள். கொடியில் வேட்டித் துணிகள் அப்படியே காய்ந்துகொண்டிருந்தன. துவைத்தும் போகாத கறை. நீங்கள் அதில் ஒன்றை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"இத்த ஏம்மா எடுத்தாந்து காட்டல?"

"எடுத்தாந்தா கலீஜுன்னு தொரத்துவீங்களே."

"நான் தொரத்த மாட்டேம்மா."

"நீங்க தொரத்தல சிஸ்டர். நீங்க என்னய தூக்கி வச்சி காமிச்சீங்க. இப்டி வச்சிகினு வரணும்னீங்க. தொரத்தியிருந்தாகூட வேற ஆஸ்பத்திரிக்கி போயிருப்பேன்."

நீங்கள் அந்தத் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தீர்கள். அது இன்று எங்கே இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை.

அடுத்த புதன்கிழமை வாசலில் நின்றுகொண்டு நீங்கள் போட்ட சத்தம் தெருமுனை டீக்கடை வரை கேட்டது. "இன்னிலேர்ந்து பவுடரு பூசிகினு வந்த புள்ளய நான் தொட மாட்டேன். குளிப்பாட்டாம இட்டுகினு வா. அழுக்குத் துணிய பையில போட்டு எடுத்துகினு வா!" அரசாணை இல்லை, சுற்றறிக்கை இல்லை, மேலிடத்துக்குத் தெரியவும் தெரியாது. எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏன் சிஸ்டர், ஊரு பீயெல்லாம் இங்க எடுத்தாந்தா நான் மூக்க எங்க வச்சிக்கறது?" என்று பச்சையம்மா சண்டைக்கு வந்தார். "மூக்கு பின்ன எதுக்குடி கீது உனக்கு, மூக்குத்தி குத்திக்கவா?" என்றீர்கள். மருந்தகத்து ஆசீர்வாதம் உங்களுக்குப் 'பீத்துணி சிஸ்டர்' என்று பெயர் வைத்தார். பெயர் தெருவெல்லாம் பரவியது. அந்தப் பெயரைச் சொல்லியே வழி கேட்டுக்கொண்டு தாய்மார்கள் வரத் தொடங்கியபோதுதான் ஆசீர்வாதம் அதைச் சொல்வதை நிறுத்தினார்.

ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு துணியையும் நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள். மஞ்சளோ பச்சையோ, பிள்ளை விளையாடினால் பயப்படாதே என்றீர்கள். சிவப்பு நூல் ஓடினாலோ சுண்ணாம்பாக வெளுத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினீர்கள். புண்ணில் பவுடர் போடாதே, வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றியெடு, கொஞ்ச நேரம் காற்றாட விடு என்று தொண்டை வற்றச் சொன்னீர்கள். என்ன தின்றது, என்ன வந்தது என்பதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வரச் சொன்னீர்கள். பாலையோ முட்டையையோ கோதுமையையோ நீயாக நிறுத்தாதே, டாக்டர் சொன்னால் நிறுத்து என்றீர்கள். காசிமேட்டிலிருந்து ஒருத்தி மகன் தவ்ஃபீக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "ரத்தம் சிஸ்டர், ரத்தமா போவுது!" என்று அலறிக்கொண்டு வந்தாள். நீங்கள் துணியைப் பிரித்துப் பார்த்து, "நேத்து பீட்ரூட் குடுத்தியா?" என்றீர்கள். வராந்தாவே வெடித்துச் சிரித்தது. அன்று பதிவு மேசையில் ஜெரினாவும் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அந்தத் துணியின் சிவப்பை அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை இங்கே வேலைக்குச் சேர்த்ததும் நீங்கள்தான். அந்த மேசையில் ஐந்து ஆண்டுகளாக உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு தாயிடமும் முதல் கேள்வியாக "துணி எங்கம்மா?" என்று கேட்கிறாள். ஒரே வராந்தாவில் நீங்கள் இருவரும் ஐந்து ஆண்டு டீ குடித்தீர்கள். அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த மடலை எழுத வேண்டும் என்று வந்தபோதுதான், போன வாரம், அவள் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"நீ எழுது. அந்த பொதங்கெழமைய எழுது."

"எழுதினா, நான் மன்னிச்சிட்டேன்னு எல்லாரும் நெனப்பாங்க சிஸ்டர்."

"மன்னிச்சிட்டியா?"

"இல்ல."

"அப்போ அத்தயும் எழுது."

எழுதிவிட்டோம். ஜெரினா உங்களை மன்னிக்கவில்லை. எங்களையும் மன்னிக்கவில்லை, எங்களுக்கு அது தெரியும். தன்னை மன்னிப்பதைப் பற்றி அவள் பேச்செடுப்பதே இல்லை. உங்கள் பணியைப் பாராட்டுகிறவர்கள், எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன என்று இந்த மேடையில் சொல்வார்கள். அதுவும் மெய்யே. பிழைத்த குழந்தைகளையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் மறுதட்டில் இருக்கும் ஒன்று இறங்கித்தான் கிடக்கிறது. இதைச் சொல்லாத பாராட்டு உங்களுக்கு வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள். அதனால்தான் உங்களைப் பாராட்டுகிறோம்.

திங்கட்கிழமை உங்கள் இடத்துக்குப் புதியவர் வருகிறார். நல்லவர் என்கிறார்கள். துணியைப் பிரித்துப் பார்ப்பாரா என்பது தெரியவில்லை. அவர் பார்க்காவிட்டாலும் பதிவு மேசையில் கேள்வி நிற்காது. பையை வாங்கிப் பிரிக்கும் வேலையைப் பச்சையம்மா தானே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் சிஸ்டர் அவர்களே! நூறாண்டு வாழ்க என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. ஆண்டுகளைப் பங்கிட்டுக் கொடுப்பவர் யார் என்று தெரியாது. வேளைக்குப் பசியும், வேளைக்குக் கழிவும், படுத்ததும் உறக்கமும் உங்களுக்குக் கிடைக்கட்டும். வியாசர்பாடி வீட்டு மாடிப்படியில் முழங்கால் வலிக்காமல் ஏறி இறங்குங்கள். இனி எல்லாப் புதன்கிழமையும் உங்களுக்கு விடுமுறையாக இருக்கட்டும். இப்படி வாழ்த்தி, ஆயா பச்சையம்மா, மருந்தகம் ஆசீர்வாதம், எழுதிய கை ஜெரினா, மற்றுமுள்ள பணியாளர்கள் அனைவரும் கையெழுத்திடுகிறோம்.

கையெழுத்துகளுக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் அதை வெட்டிவிட வேண்டாம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இன்றைக்குப் போய் உஸ்மாவைப் பற்றிக் கேட்டாலும், பேதிக்குப் பல்லின்மேல் பழி போட்டு, "பல்லு மொளைக்கசொல்ல போன கொயந்த" என்றுதான் சொல்வார்கள். கடைசி இரண்டு மாதத்தில் அவளுக்குப் புதிதாக ஒரு பல்லும் முளைக்கவில்லை. உஸ்மாவுக்கு ஆறு பல். மேலே நான்கு, கீழே இரண்டு.