போட்டோவில் எத்தனை ஓட்டை

தாராபுரம் சாலையில் திருப்பூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் பதினைந்து வயது மகளும். மகள் நெட்டில் போட்டிருந்த போட்டோவைப் பிரிண்ட் எடுத்துத் தாய் மடியில் வைத்திருந்தார்.

“பனியன் கம்பெனியில நான் ஒவ்வொரு பீஸா ஓட்டை இருக்கான்னு செக் பண்றாப்ல பாரு கண்ணு. காலர்ல இருந்து ஆரம்பி.”

“பேரே போடலீங்மா. நெட்டுல ரோஜான்னுதான் பேரு வெச்சிருந்தேன்.”

“அப்பறம் எப்படி நேத்து எவனோ ஸ்கூல் கேட்டுல நின்னு உம்பேரச் சொல்லிக் கூப்புட்டான்?”

தாயின் விரல் படத்தில் மெல்ல இறங்கியது.

“சட்டைல ஸ்கூல் பேட்ஜ், ஒண்ணு. கழுத்துக் கார்டுல உம்பேரு, ரெண்டு. பின்னால ரேசன் கடை போர்டுல நம்ம வீதி, மூணு. அப்பா வண்டி நம்பரு, நாலு.”

“நெட்டுல நல்லவங்களும் இருக்காங்மா.”

“இருக்கட்டும். நூறு பீஸ்ல ஒண்ணு ஓட்டைன்னாலும் மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துருதே. மொதல்ல பிரவுசிங் சென்டருக்குப் போயி நெட்டுல இருந்து இத அழி.”

பின்னாலிருந்து நானும் எண்ணிப் பார்த்தேன். நாலுதான்.

மகள் படத்தை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

“அஞ்சும்மா.”

“என்னடி?”

“பின்னால ஊட்டு வாசல்ல தங்கச்சிப் பாப்பாவும் நிக்கறா.”

தாய் படத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவள ஸ்கூல்ல மூணரைக்கு உட்டுருவாங்க. தனியாத்தான் நடந்து வருவா.”

அப்போது மூன்று பத்து. பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்த இரண்டு டிக்கெட்டில் இன்னும் ஏழு நிறுத்தங்கள் மீதி இருந்தன. அடுத்த நிறுத்தத்திலேயே இருவரும் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். படம் சீட்டிலேயே கிடந்தது. அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன்.