பக்கத்து சீட்டு

போதும் போதும், இங்கயே நிறுத்து. ஹேண்ட் பிரேக்கப் போடு. எஞ்சின அணைச்சுடு. ஏன் தம்பி, மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்திருக்கு? ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுன்னுதான சொன்னேன், பரீட்சையா வெச்சேன்?

மேடமெல்லாம் வேணாம், அக்கான்னே கூப்பிடு. இங்க எல்லாரும் அப்படித்தான். உள்ள வந்ததும் மெக்கானிக் எங்கன்னு என்கிட்டயே கேட்ட பாரு, அதுவும் எல்லாரும் கேக்கறதுதான். இருபத்திநாலு வருஷமா இந்த ஒர்க்‌ஷாப்புல பிரேக்கு, வீலு ரெண்டும் என் பொறுப்பு.

நானே ஓட்டிப் பாக்கலாமேவா? அது என் பழக்கமில்ல. நான் ஓட்டினா வண்டி வேஷம் போடும், கம்முனு போகும். வண்டிக்காரங்கதான் ஓட்டணும். நான் பக்கத்து சீட்ல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். எங்க நடுங்குது, எப்ப நடுங்குதுன்னு உடம்புக்குத் தெரியும். நீ பயந்து பயந்து என்னயே பாத்துட்டிருந்த. தூங்கிட்டேன்னு நெனச்சியா?

சரி, கேளு. அறுபதத் தாண்டினதும் ஸ்டியரிங் ஆடுச்சு, பிரேக்கத் தொடாமயே. அது ஒரு கோளாறு. அப்புறம் பிரேக்க மெதுவா மிதிச்சப்ப பெடல் உன் கால திருப்பித் தள்ளுச்சு. அது இன்னொரு கோளாறு. இத நீ காலைலயே அட்சர சுத்தமா சொல்லிட்ட. வழக்கமா வர்றவங்க வண்டி என்னமோ பண்ணுதுங்கன்னு சொல்லிட்டு வாயப் பாத்துட்டு நிப்பாங்க. நீ ஒப்பிச்ச. சரி, அது இருக்கட்டும்.

தள்ளி நில்லு, வண்டியத் தூக்கறேன்.

இந்தா பாரு, இடது பக்க முன் வீலு. இந்த ஸ்க்ரூடிரைவர ரிம்மு ஓரமா அசையாம புடிச்சுக்கறேன். நீ வீல கையால சுத்து. மெதுவா. பாத்தியா? ஒரு எடத்துல உரசுது, இன்னொரு எடத்துல வெரல் போற அளவுக்கு சந்து. ரிம்மு நெளிஞ்சிருக்கு. ஸ்டியரிங் ஆடினது இதனாலதான்.

எப்படி ஆச்சுன்னு சொன்ன? நாய் குறுக்க வந்துது, ஒடிச்ச, குழில எறங்குச்சு. ம். காலைல அந்த நாய் கறுப்பா இருந்துது. வண்டில வரும்போது கேட்டேன், பழுப்பாயிடுச்சு. இன்னும் ரெண்டு தடவ கேட்டா வெள்ளையாயிடும் போல.

கோவமில்லப்பா, சும்மா சொன்னேன். ஆனா இது குழி பண்ணின வேல இல்ல. வெளி விளிம்பத் தடவிப் பாரு, வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கறது சிமெண்டு. நடைபாதை ஓரக் கல்லுல ஏறியிருக்கு. இடது பக்கம் எவ்வளவு எடம் இருக்குன்னு கணக்குத் தெரியாதவங்கதான் இப்படி ஏத்துவாங்க, புதுசா கத்துக்கறவங்க. நீ ஒம்போது வருஷமா ஓட்டறேங்கற. இப்ப அந்தக் குப்பைத் தொட்டிய ஒரு சாண் விட்டு அழகா வளைச்சியே, நான் ஒரு கண்ணத் தொறந்து பாத்தேன்.

இப்ப வீலக் கழட்டியாச்சு. இந்தத் தட்டு தெரியுதா, இதான் டிஸ்க்கு. பிரேக் மிதிச்சா இதத்தான் ரெண்டு பக்கமும் கவ்வும். சுத்து. ஆடுதா? எந்த எடத்துல அதிகமா ஆடுதோ அங்க சாக்பீஸால ஒரு கோடு போடறேன். பின்னால ஹப்பு மேலயும் நேரா ஒரு கோடு. ஹப்புன்னா இந்த டிஸ்க்கத் தாங்கிக்கிட்டிருக்கறது. வேற எடமா இருந்தா உடனே டிஸ்க்க மாத்துன்னுடுவாங்க. நான் மாட்டேன். டிஸ்க்கக் கழட்டி ரெண்டு ஓட்டை தள்ளி மாட்டறேன். இப்ப சுத்து.

பாத்தியா? டிஸ்க்கு மேல போட்ட கோடு நகந்து போயிடுச்சு. ஆட்டம் போகல, ஹப்புக் கோட்டுக்கு நேராவே நிக்குது. அப்ப டிஸ்க்கு மேல தப்பே இல்ல. பின்னால இருக்கற ஹப்புதான் வளைஞ்சிருக்கு. டிஸ்க்கு பாவம், யாரோ பண்ணினதுக்குத் தான் பழிய ஏத்துக்கிட்டு முன்னால வந்து நிக்குது. உன்ன மாதிரி.

என்ன இருமல்? தண்ணி அந்தக் கேன்ல இருக்கு, குடி.

எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. இருபத்திமூணு வயசு, என் தோள் உசரம், வாய் மட்டும் என்னை விட உசரம். போன வருஷம் நாந்தான் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். சொல்லிக் குடுத்தேன்னா, பக்கத்து சீட்ல உக்காந்து மூணு நாள் கத்தினேன். மிதி, மிதிக்காத, பாரு, எங்க பாக்கற. மூணாவது நாள் சிக்னல்ல கதவத் தொறந்து எறங்கி வீட்டுக்கு நடந்தே போயிட்டா. நடு ரோட்டுல வண்டி, பின்னால ஊரே ஹாரன் அடிக்குது. எங்க வீட்டுக்காரர் வந்து வண்டிய எடுக்கற வரைக்கும் முக்கா மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். இனிமே ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்னுட்டா.

போன செவ்வாக்கிழமை தோளப் புடிச்சுக்கிட்டு வந்தா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னா. தோள்லேருந்து குறுக்கால செவப்பா ஒரு கோடு. எந்த பாத்ரூம்ல தம்பி சீட் பெல்ட் இருக்கு? அதுவும் வலது தோள்ல. பக்கத்துல உக்காந்து வந்திருந்தா இடது தோள்ல இருந்திருக்கும்.

அப்புறம் இன்னொண்ணு. எங்க சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. என் பழைய யூனிபார்மக் கிழிச்சு நாலுக்கும் நானே குஷன் தைச்சிருந்தேன். ஒரு மாசமா ஒண்ணக் காணோம். எங்க வீட்டுக்காரரத்தான் தெனமும் வறுத்தெடுத்தேன். பாவம் மனுஷன். அது உன் வண்டி பின் சீட்ல கெடக்கு. ஓரத்துல என் ஊசி போன கோணல் கூட அப்படியே இருக்கு.

எங்க ஓடற? வீல் இல்லாத வண்டிய எடுத்துக்கிட்டு எங்க போவ? உக்காரு.

தலைல ஏதும் அடி படலல்ல? உண்மையச் சொல்லு. நெஞ்சு வலின்னு ஏதாவது சொன்னாளா? குறுக்க யாரும் வரலயே? சரி. சரிப்பா. அஞ்சு நாளா இதக் கேக்க வாய் வரல. கேட்டா கத்திடுவேன், கத்தினா அவ இன்னும் மூடிப்பா.

அவதான் இங்க அனுப்பினாளா? மெக்கானிக் எங்கன்னு கேக்கச் சொன்னதும் அவதானா? நல்லா நடிச்சடா நீ. வேற ஒர்க்‌ஷாப்பே கெடைக்கலயாமா? என்ன சொன்னா? திரும்பச் சொல்லு.

அம்மா கை வெச்ச பிரேக்க மட்டும்தான் நம்புவேன்னா?

ஆமா, அழறேன்தான். அந்தப் பக்கம் திரும்பிக்க.

இப்ப என்ன சொல்றா, திரும்ப ஓட்டறாளாமா? மாட்டாளா? சாவிய உன்கிட்ட தூக்கிப் போட்டுட்டாளா? அய்யோ, விடக் கூடாது தம்பி. நூல் பிசகாம ரிம்ம மாத்திடுவேன், ஹப்ப மாத்திடுவேன், அதெல்லாம் ஒரு வேலையே இல்ல. அவ விட்டுட்டா அப்படியே நின்னுடும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் இந்த ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வெளிய வண்டி ஓட்டி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. அவ கைக்குழந்தை, பின் சீட்ல தூங்கிட்டிருந்தா. இதே மாதிரி ஓரக் கல்லுதான். யாருக்கும் ஒரு கீறல் இல்ல, அவ முழிக்கக் கூட இல்ல. நான்தான் அன்னைக்கு சாவிய எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்தவ, திரும்ப வாங்கவே இல்ல. இந்த கேட்டுக்குள்ள எந்த வண்டிய வேணா ஓட்டுவேன். வெளிய பக்கத்து சீட்டுதான். சிக்னல்ல முக்கா மணி நேரம் உக்காந்திருந்தேனே, வீம்புக்குன்னு அவ இன்னும் நெனச்சிட்டிருக்கா. எடுக்க முடியலப்பா.

சனிக்கிழமை வண்டி ரெடியாயிடும். நீ வராத, அவள அனுப்பு. அந்தக் குஷன எடுக்காத, அங்கயே கெடக்கட்டும். அவளுக்கு ரோடு தெரியணும்ல. அப்புறம் இந்த அக்காவ விட்டுடு, முறைய இப்பவே குழப்பாத.

கத்த மாட்டேன்னு சொல்லு. நம்ப மாட்டா, இருந்தாலும் சொல்லு. உங்கம்மா தெனமும் வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறி வர்றா, ஏன்னு ஒரு நாளாவது கேட்டியான்னு கேளு. சனிக்கிழமை அவதான் என்னக் கூட்டிட்டுப் போகணும்.