லாயத்தின் ஏழாவது ஜன்னல்

ரூபன் ஹாஸல்டைன், வயது 46, தலைமைக் குதிரைக்காரர், குடியிருப்பு ஷ்ராப்ஷயர் வெல்காட் மாளிகையின் லாயக் கட்டடம், 1903 நவம்பர் 14ஆம் தேதி மரண விசாரணை அதிகாரி முன் ஆஜராகிச் சொன்னது:

நான் பத்தொன்பது வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். லாயத்தின் முகப்பு மாளிகையைப் பார்த்து நிற்கிறது. மாளிகை மாடியில் ஒன்பது ஜன்னல் இருப்பதால் லாய மாடிக்கும் ஒன்பது. அதில் நான்கு பொய். குதிரைக்காரர்கள் சீமாட்டியின் தோட்டத்தைப் பார்க்கக்கூடாது என்று பழைய எஜமான் காலத்தில் செங்கல் வைத்து அடைத்து, மேலே கண்ணாடி போலக் கறுப்பும் சட்டம் போல வெள்ளையும் பூசினார்கள். வருடாவருடம் அந்தப் பூச்சைப் புதுப்பிப்பது நான்தான். கீழே குதிரைகள் ஒவ்வொன்றுக்கும் திறக்கிற ஜன்னல் உண்டு.

பொய் ஜன்னல்களில் ஒன்றான ஏழாவதின் பின்னால் என் கீழ் வேலை செய்த ஆமோஸ் டில்லி, வயது 31, தங்கியிருந்தான். போன வசந்தத்தில், "குதிரைக்கு ஜன்னலு, எனக்கு ஜன்னல் படம். எஜமான்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க, மிஸ்டர் ஹாஸல்டைன்" என்றான். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, "கேட்டேன்டா, முடியாதுன்னுட்டாரு" என்று அவனிடம் சொன்னேன். அதன் பிறகு அக்டோபரில் ஒரு குதிரை உதைத்து அவன் கால் ஒடிந்து, அந்த அறையிலேயே படுத்திருந்தான்.

இம்மாதம் 11ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு, குதிரைகளுக்குத் தவிட்டுக் கூழ் காய்ச்சும் அடுப்பிலிருந்து பொறி பறந்து புல் கிடங்கு பற்றிக்கொண்டது. தீ என்றால் முதலில் குதிரைகள் என்று லாயச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது. அதன்படி எட்டையும் வெளியே கொண்டுவந்தேன். ஆமோஸை உதைத்ததுதான் முதலில் வந்தது. அதற்குத்தான் விலை அதிகம். அதன் பிறகு எஜமான் ஓடிவந்து, "எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டார். பெயர் சொல்லி எண்ணிப் பார்த்து, "எட்டும் வந்தாச்சுங்க" என்றேன். ஆமோஸ் என் நினைவுக்கு வரவில்லை. வாளியோடு நின்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

அதன் பிறகுதான் மேலே சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. தோட்டக்காரர் பெர்கின்ஸ் ஏழாவது ஜன்னலில் ஏணியைச் சாத்தி ஏறிக் கோடாலியால் அடித்தார். செங்கல் தெறித்தது. "என்னய்யா இது, சுவரு!" என்று கத்தினார். நான் படிக்கட்டுக்கு ஓடினேன். மாடிக்கு இருப்பது அது ஒன்றுதான், புல் கிடங்குக்குள். எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

ஜன்னல் வேண்டும் என்று தன்னிடம் யாரும் கேட்டதில்லை என எஜமான் நேற்று இங்கே சொன்னார். அது உண்மை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆமோஸ் அவரைத் திட்டிக்கொண்டே செத்திருப்பான். திட்ட வேண்டியது என்னை என்று அவனுக்குத் தெரியாது.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்) ரூபன் ஹாஸல்டைன்