மெழுகு இறுகும் வரை

— அப்படி இல்ல தம்பி, விரலைக் கோத்துக்கணும். பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க. அது உங்க சம்சாரத்தோட கை.

— கல்யாணமாகி மூணு வாரம்தான்க்கா. இன்னும் பழகல.

— இன்னிக்குப் பழகிடும். கண்ணு, நீ இந்தப் பக்கம் வா. தொட்டிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நீ. ஆங், எதிரும் புதிருமா. முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் மெழுகு, திரும்பப் பச்சைத் தண்ணி. இப்படிப் பத்து முக்கு. அதுக்கப்புறம் கையைத் தண்ணிக்குள்ள வச்சுட்டு, இறுகற வரைக்கும் அசையாம நிக்கணும்.

— எவ்ளோ நேரம்க்கா?

— கால் மணி நேரம்.

— கால் மணி நேரமா! ஏய், இதெல்லாம் தேவையா? வெளிய போற வாசல் அதோ தெரியுது பாரு.

— இந்த ட்ரிப்ல நான் கேட்டது இது ஒண்ணுதாங்க.

— அதான் பாரேன். ஊர்ல அவனவன் பொண்டாட்டி செயின் கேக்குறா, மோதிரம் கேக்குறா. என் ஆளு மெழுகுக் கை கேக்குது.

— இறக்குங்க. மெதுவா... மெதுவா...

— ஆஆ! சுடுதுக்கா!

— அம்பத்தஞ்சு டிகிரிதாங்க. நீங்க குடிக்கிற காபி இதை விடச் சூடு.

— கேட்டீங்களாக்கா? அளந்துதான் பேசுவா. வீட்டுக்கு ஒரு விஞ்ஞானி இல்லையேன்னு யாரு அழுதா?

— விஞ்ஞானியா கண்ணு நீ?

— இல்லக்கா. தாவரவியல் படிச்சேன். விதைங்க பத்தி.

— மேல தூக்குங்க. தண்ணி. ஒண்ணு ஆச்சு. உள்ள மியூசியத்துல மெழுகுப் பொம்மையெல்லாம் பாத்தீங்களா?

— ஒண்ணு விடல. கிரிக்கெட்காரர் தோள்ல கை போட்டு ஒரு படம், ராஜா கூட ஒரு படம், அந்த நடிகை கூட மூணு படம்.

— ஆறு.

— எண்ணிட்டே வந்தியா! இவளை எடுத்தா எது பொம்மை, எது இவளுன்னே தெரியலக்கா. ‘சிரிடி, சிரிடி’ங்கறேன். பொம்மை சிரிக்குது, இவ சிரிக்கல.

— மைக்ராஸ்கோப்பை வச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. அங்க ஒண்ணு எடுங்கன்னு சொன்னேன்.

— அது யாருன்னே தெரியலியே! பேர்ப்பலகை கூடப் பாதி அழிஞ்சு கிடக்கு. அதுக்குள்ள பின்னாடி வந்தவங்க நெட்டித் தள்ளிட்டாங்க. திரும்பிப் போவோம்னா அம்புக்குறி போட்டு வச்சிருக்கான், முன்னாடிதான் போகணுமாம். ஒரு ஜன்னல் கூட இல்ல. மூச்சு முட்டுதுக்கா, எப்படித்தான் நாள் பூரா நிக்கிறீங்க?

— ஜன்னல் வச்சா வெயில் படும் தம்பி. வெயில் பட்டா ராஜா மூக்கு உருகி வாய்க்குள்ள போயிடும். மூணு ஆச்சு. இறக்குங்க.

— ஏங்க, மணி என்ன?

— உன் தலைக்கு மேலதான் கடிகாரம். நாலு முப்பத்தெட்டு.

— அஞ்சு மணிக்குள்ள அவங்களுக்குப் பதில் போடணும்.

— ஆரம்பிச்சுட்டியா? இங்கயா?

— வேற எங்க பேசறது? பஸ்ல கேட்டேன், தூங்கிட்டீங்க. சாப்பிடறப்ப கேட்டேன், கை கழுவப் போனீங்க. இருபத்தஞ்சு நிமிஷம் கழுவினீங்க. ரூம்ல கேட்டேன், ‘அம்மா கூப்பிடறாங்க’ன்னு போனைக் காதுல வச்சுட்டு மாடிக்கு ஓடினீங்க. மணியே அடிக்கல.

— அடக் கடவுளே! சிரிச்சுட்டேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இறக்குங்க. என்ன பதில் கண்ணு?

— வேலைக்கா. விதை ஆய்வகத்துல, ரெண்டு வருஷம். நூத்துப் பத்து பேர் எழுதினோம், ரெண்டே பேரைத்தான் எடுத்திருக்காங்க. வர்றேன்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மெயில் போடலன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க.

— ஆறு மணி நேர ரயில்க்கா. அதை மட்டும் சொல்ல மாட்டா பாருங்க. மூணே வாரத்துல பொட்டியைத் தூக்கிட்டுப் போனா தெருவுல என்ன பேசுவாங்க? அவன் விரட்டிட்டான்பாங்க, இல்லன்னா இவ ஓடிட்டாம்பாங்க.

— சனி ஞாயிறு வந்துடறேன்னு சொன்னேன். கல்யாணப் பேச்சு எடுத்த அன்னிக்கே சொன்னேன். ‘தாராளமாப் போ’ன்னீங்க.

— அப்ப கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்?

— ஆறு. தம்பி, கையை இறுக்காதீங்க. மெழுகுல வரி விழுது பாருங்க.

— அக்கா, பாதில நிறுத்தினா என்ன ஆகும்?

— கிழியும். அப்புறம் முதல்ல இருந்து முக்கணும். உங்களுக்குப் பின்னாடி வரிசை நிக்குது, அவங்க என்னை முக்கிடுவாங்க.

— என்னை மாதிரி மாட்டினவன் எவனாவது இருக்கானா?

— ஏன் இல்ல? போன வாரம் ஒரு ஜோடி. எட்டாவது முக்குல அந்தப் பொண்ணு, ‘உன் முதல் காதலி பேர் என்ன’ன்னு கேட்டுச்சு. அந்த அப்பாவியும் சொல்லிட்டான். கை அச்சு அசலா வந்துச்சு தம்பி. வாங்கிட்டுப் போகத்தான் ரெண்டு பேருமே வரல. அந்தா, அலமாரில தூசி படிஞ்சு கிடக்கு.

— நல்ல இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கே.

— எட்டு... ஒம்போது... பத்து. அவ்ளோதான். இனி தண்ணிக்குள்ளேயே இருக்கட்டும். இடது கை சும்மாதானே இருக்கு, மூக்கு அரிச்சா சொறிஞ்சுக்கலாம். வேற எதுவும் கூடாது.

— ஏங்க, போனைக் குடுங்க. இடது கையால அடிச்சுக்கறேன்.

— எந்தப் போன்?

— என் போன். உங்க சட்டைப் பைல இருக்கே. ‘உன்னதுலதான் கேமரா நல்லாருக்கு’ன்னு வந்த நாள்ல இருந்து நீங்கதான் வச்சிருக்கீங்க.

— தண்ணில போட்டுடுவே.

— போட மாட்டேன்.

— சார்ஜ் வேற கம்மியா இருக்கு...

— காலைல நீங்கதான் ஃபுல்லா போட்டீங்க.

— வெளிய போய் நிதானமா அடிக்கலாமே. இதோ, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். என்னக்கா?

— ரெண்டு நிமிஷமா? இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. அவசரப்பட்டா விரல் முறியும். பயப்படாதீங்க, மெழுகு விரலைச் சொன்னேன்.

— நாலு நாப்பத்தெட்டுங்க.

— இப்படிப் பாக்காதே. நான் என்ன உன்னைப் பூட்டியா வச்சிருக்கேன்? உனக்கு என்ன குறை வச்சேன், சொல்லு.

— குறைன்னு சொல்லலியே. எழுந்திருக்கறேன். நிக்கச் சொன்ன இடத்துல நிக்கறேன். படம் எடுக்கறீங்க. அடுத்த இடத்துக்குப் போறோம். ரெண்டு கண்ணாடிக் கண்ணு வச்சாப் போதும், என்னையும் உள்ள நிறுத்திடலாம்.

— சும்மா இரு. அக்கா கேக்குறாங்க.

— நான் எங்க கேக்கறேன்? நான் தண்ணியைப் பாத்துட்டு இருக்கேன். ஆனாலும் தம்பி, ஒரு வரி அனுப்பறதுக்கு இவ்ளோ தயக்கமா? என் கை பூரா மெழுகு. இல்லன்னா இந்நேரம் நானே அடிச்சுவிட்டிருப்பேன்.

— தயக்கமெல்லாம் இல்லக்கா. அது... எனக்குத் தனியா இருந்து பழக்கமில்ல. வீட்டுல இருந்தா அம்மா, ஹாஸ்டல்ல பசங்க. இப்பதான் ஒருத்தி வந்தா. அவளும் போயிட்டா சாயங்காலம் வந்து யார்கிட்ட பேசறது?

— இப்ப இருக்கேனே. பேசறீங்களா?

— பேசறேன்ல இப்ப!

— கை மாட்டிக்கிச்சு, அதனால பேசறீங்க.

— சரி, அப்படியே வச்சுக்கோ. உனக்கு அந்த வேலை வேணும். அவ்ளோதானே?

— அவ்ளோதான். உங்களுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?

— எனக்கா? நான் என்ன சொல்லணும்?

— எதுவா இருந்தாலும். கோபப்பட மாட்டேன்.

— ஒண்ணுமில்லையே.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— அட, ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல! என்னமோ போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தின மாதிரி கேக்குறே. இரு, நானே அனுப்பிவிடறேன். சொல்லு, என்ன எழுதணும்?

— அடடே! அப்படிப் போடுங்க தம்பி!

— ‘ஐயா, நீங்கள் அளித்த பணியை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை வந்து சேர்கிறேன்.’ கீழ என் பேர். அவ்ளோதான்.

— இரு, இரு... இடது கைக்கு வர மாட்டேங்குது... ‘ஏற்றுக்’... ‘கொள்கிறேன்’...

— நாலு அம்பத்தஞ்சு தம்பி.

— நீங்க வேற அவசரப்படுத்தாதீங்கக்கா.

— என்னங்க ஆச்சு? முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

— ஒண்ணுமில்ல. சுத்திக்கிட்டே இருக்கு. இங்க எங்க சிக்னல் வருது... ஆங். போயிடுச்சு.

— போயிடுச்சா?

— போயிடுச்சு. மணியைப் பாரு, அம்பத்தெட்டு! ரெண்டு நிமிஷம் மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கேன். எப்படி உன் புருஷன்?

— நிஜமாவே அனுப்பிட்டீங்களா?

— உன் மேல சத்தியம்டி.

— கண்ணு, வாழ்த்துகள்! தம்பி, நானும் முதல்ல உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். தங்கமான மனுஷன்.

— காட்டுங்க, பாக்கறேன்.

— பைல போட்டுட்டேனே. என் மேல நம்பிக்கை இல்லையா?

— இவ்ளோ நேரம் கொஞ்சம் இருந்துச்சு.

— என்ன ‘இருந்துச்சு’? ஏய்...

— தம்பி, இழுக்காதீங்க! இன்னும் ஒரு நிமிஷம்! இழுத்தா மொத்தமும் போயிடும்!

— நில்லுங்க. ஓடிப் போறதுக்கு இங்க மாடி இல்ல. நேத்து காலைல நீங்க குளிக்கப் போனப்ப, கீழ ரிசப்ஷன்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சே, அதுல என் மெயிலைத் திறந்தேன். முந்தாநேத்து என் பேர்ல, ‘குடும்பச் சூழ்நிலை, வர இயலாது’ன்னு ஒண்ணு போயிருந்துச்சு.

— அது... அது வந்து... அம்மாதான்...

— அங்கயே பாஸ்வேர்டை மாத்தினேன். ‘அது தவறாக வந்தது, நான் வருகிறேன்’னு எழுதினேன். நீங்க தலை துவட்டி முடிக்கறதுக்குள்ள ‘சரி, வாங்க’ன்னு பதில் வந்துடுச்சு. உங்க பைல இருக்கற போன்ல இருந்து நேத்துக்கப்புறம் என் பேர்ல ஒரு மெயிலும் போகாதுங்க.

— அப்ப இவ்ளோ நேரம் அஞ்சு மணி, அஞ்சு மணின்னு என் உயிரை எடுத்தது எதுக்கு?

— நான் போறது நேத்தே முடிவாயிடுச்சுங்க. ஞாயித்துக்கிழமை ரயிலுக்கு எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுக்கறதா, உங்களுக்கும் சேத்து ரெண்டு எடுக்கறதாங்கறதுதான் இப்ப வரைக்கும் தெரியாம இருந்துச்சு.