மழைக்கோளுக்கு அரை நட்சத்திரம்

— உள்ளத செல்லப்போனா, இந்த வருஷம் வாசிச்சதுல அரவாசிக்கு மேல குப்ப. ‘நீலச் சிறகரசி’ வாசிச்சீங்களா துஷ்யந்தி? ஐநூறு பக்கம். பறக்கிற நாகம் ஒண்டு ஈக்கி, ஏழு பாஷ பேசுமாம். ஏழுலயும் அலுப்படிக்குது.

— இல்லங்க மிஸ். நீங்க அதப்பத்தி எழுதுனத ஃபேஸ்புக்ல பாத்தேன். லயத்துல எல்லாருக்கும் காட்டிச் சிரிச்சேன்.

— மறுகா காலத்துல பின்னுக்குப் போற மெஷின் கத. கொழும்பு மனுசன் ஒத்தர் எழுதினது. ஹீரோ ஆயிரம் வருஷம் பின்னுக்குப் போறான், அங்க ஒரு இளவரசிக்கிட்ட இங்கிலீஸ்ல கவித செல்றான். அவளுக்கு விளங்குதாம். மெஷின் போகக்குள்ள எழுதினவர்ட மூளையையும் ஏத்திட்டுப் போயிட்டு எண்டு எழுதினேன். ஒண்டர நட்சத்திரம். அந்த அரைகூட அட்டப் படத்துக்கு.

— அவரு கோவிச்சுக்கலீங்களா?

— கோவிச்சா என்ன? வாப்பாட கடையில துணி வெட்டக்குள்ள சாயம் போகும் எண்டா போகும் எண்டுதான் செல்லுவேன். புத்தகத்துக்கு மட்டும் என்னத்துக்குப் பொய்? நாலாயிரம் பேர் என்ட பேச்ச நம்புறாங்க. இந்தா, நீங்க மழையில நனைஞ்சுட்டு என்னத் தேடி வந்தீக்கிறீங்க. இந்த நுஸ்ஹாவப் பாக்க கரவனெல்ல கடைக்கே வாசகி ஒத்தர் வந்தது இதுதான் முதல் தடவ. பிளேன்டீய குடிங்க.

— குடிக்கிறேங்க. போன வருஷம் ‘மழைக்கோள்’னு ஒரு கதையப்பத்தி எழுதியிருந்தீங்களே மிஸ்.

— ஆ, அது. அரை நட்சத்திரம். அதுக்குக் கீழ நான் ஒத்தருக்கும் குடுத்ததில்ல.

— அத ஒருக்கா வாசிச்சுக் காட்டுறீங்களா? ஒங்க கொரல்ல கேக்கணும்னு ஆச.

— சரி, பொறுங்க, போன்ல ஈக்கி. “மழைக்கோள் என்றொரு கிரகம். அங்கே வாழும் ஆயிரத்து இருநூறு பேருக்கும் ஒரே முகவரி. கடிதங்கள் எல்லாம் அதிபதியின் மேசையில் குவிகின்றன. கேட்டு நிற்பவருக்குத்தான் கிடைக்கும். கதாநாயகனுக்கு வந்த அழைப்புக் கடிதம், அழைத்த நாள் கழிந்து பதினொரு நாளின் பின் அவன் கைக்கு வருகிறது. அதோடு அவன் வாழ்க்கையே திசைமாறிப் போகிறதாம். விண்கலம் கட்டத் தெரிந்தவர்களுக்கு வீட்டு இலக்கம் போடத் தெரியவில்லை. கற்பனை வறண்ட இடத்தில்தான் இப்படியான கதை முளைக்கும்.”

— நிறுத்தாதீங்க மிஸ். அடுத்தது மழையப்பத்தி.

— மனப்பாடமா? “மழை பெய்தால் அக்கிரகத்தில் அந்த நாள் எண்ணப்படுவதில்லை. விடியலில் வரிசையில் வந்து நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஏன்? ஆசிரியருக்கே தெரியாது. மந்திரத்துக்கும் ஒரு விதி வேண்டும். இவர் பேனாவைக் கீழே வைப்பதுதான் தமிழ் அறிவியல் புனைவுக்கு இவர் செய்யக்கூடிய சேவை.” கடைசி வரி கொஞ்சம் கூடத்தான். ஆனா மிச்சம் பேர் லைக் போட்டது அதுக்குத்தான்.

— மிஸ், நீங்க ரப்பர் தோட்டத்துக்குள்ள வந்திருக்கீங்களா? எங்க தோட்டம் இங்கிருந்து பஸ்ல முக்கா மணித்தியாலம்.

— உள்ளுக்கு வந்ததில்ல. ரோட்டால போகக்குள்ள பாத்தீக்கி.

— எங்க லயத்துல வரிசையா இருக்குற வீடு எதுக்கும் நம்பர் இல்லீங்க. தோட்டத்துப் பேரு மட்டுந்தான். கடுதாசி எல்லாம் ஆபீசுக்குப் போயிரும், கிளாக்கர் ஐயா மேசையில கெடக்கும். போய் நின்னு கேட்டாத்தான் தருவாரு. வந்திருக்குன்னே தெரியாட்டி என்னாத்த கேக்குறது? எங்க வீட்டுக்காரருக்கு வாத்தியார் வேலைக்கு இன்டர்வியூ கடுதாசி வந்துச்சு. இன்டர்வியூ முடிஞ்சு பதினொரு நாளு கழிச்சுக் கையில குடுத்தாங்க.

— பதினொரு நாள்.

— ஆமாங்க. பொறகு ரப்பர் பால் வெட்டப் போயிட்டாரு. மழ பேஞ்சா மரத்துல வெட்ட முடியாது. விடிய பெரட்டுக்கு, வேலைக்குப் பேரு குடுக்கப் போயி வரிசையில நின்னவங்கள திருப்பி அனுப்பிருவாங்க. அன்னிக்கி வேல செஞ்சதா பேரு போட மாட்டாங்க.

— யா அல்லாஹ். ‘மழைக்கோள்’ எழுதின அந்தக் கிருஷாந்த் ஒங்கட மாப்பிள்ளையா?

— ஆமாங்க மிஸ்.

— அந்தப் புத்தகத்துல ஒரு இடத்துலயும் தோட்டம் எண்டு இல்லையே.

— தோட்டம்னு போட்டா தொர வேலையிலருந்து நிறுத்திருவாருன்னு பயந்து, கோள்னு போட்டாரு.

— நான் அத கற்பன எண்டு நெனச்சேன். கற்பன சரியில்ல எண்டு ஏசினேன். இந்த ஊர்லதான் பொறந்த, முப்பது வருஷமா இங்கதான் ஈக்கிறேன். வெக்கமா ஈக்கி துஷ்யந்தி. அவர் என்ன செஞ்சார்?

— ஒங்க எழுத்த ரெண்டு தடவ வாசிச்சாரு. பொறகு கட்டிலுக்கு அடியில விக்காம கெடந்த புத்தகத்த எல்லாம் இழுத்து அடுப்புக்கிட்ட அடுக்கி வச்சாரு. நூத்தி எம்பது. ரெண்டு மாசம் அதுலதான் அடுப்பு பத்த வச்சேன். நல்ல காயிதம் மிஸ், மழ நாள்லயும் டக்குன்னு புடிச்சிக்கும்.

— செல்லாதீங்க. இப்பவே அத அழிக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதுறேன், அவர்ட பேரப் போட்டு.

— அழிக்காதீங்க. மொதல்ல இந்தக் கொப்பியப் பாருங்க. ரெண்டாவது கத. ஒங்க அபிப்பிராயம் வேணும்னு அவருதான் குடுத்து விட்டாரு. தபால்ல போட்டா ஒங்க பதில் எந்த மேசையில கெடக்குமோன்னு என்னைய அனுப்புனாரு.

— எனக்கா? இவ்வளவு ஏசின பொறகா?

— பொய் சொல்லாத ஒரே ஆளு நீங்கதான்னு சொல்றாருங்க.

— தாங்க பாப்பம். கையெழுத்து வடிவா ஈக்கி.

— மிஸ். நுஸ்ஹா மிஸ். டீ ஆறிப்போச்சுங்க. ரெண்டு பஸ்ஸும் போயிருச்சு.

— பொறுங்க. இந்த அதிகாரம் முடியட்டும்.

— சரிங்க.

— இந்தச் செத்த மரமெல்லாம் எழும்பி வந்து தங்கட காயத்த எண்ணுற இடம். இத எப்படி எழுதினார்? பத்து வருஷமா வாசிக்கிறேன், இப்படி ஒண்டு என்ட கைக்கு வரல்ல. அஞ்சு நட்சத்திரம். நான் ஒத்தருக்கும் அஞ்சு குடுத்ததில்ல. கொழும்புல புத்தகம் போடுற ஆக்களோட நானே பேசுறேன், நீங்க யோசிக்க வேணாம்.

— வேணாங்க மிஸ். போன தடவ எழுதுனீங்களே, அதே மாதிரி எழுதிக் குடுங்க. அதுக்குத்தான் வந்தேன்.

— என்ன செல்றீங்க?

— போன தடவ நீங்க எழுதுனதுக்குப் பொறகு வந்த பத்து மாசந்தான் எனக்குப் புருஷன்னு ஒருத்தர் இருந்தாரு. அதுக்கு முன்னாடி, பால் வெட்டிட்டு வந்தா செவத்தப் பாத்துக்கிட்டு எழுத்துதான். மகளுக்குக் காச்சல்ல வலிப்பு வந்துச்சு. கத்துனேன். இந்தா ஒரு வரி, வந்துர்றேன்னாரு. ஒரு வரி மிஸ். நானே தூக்கிக்கிட்டு இந்தக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்தேன். அவரு சாயங்காலந்தான் வந்தாரு, சட்டப் பையில பேனாவோட. ஒங்க எழுத்து வந்த பொறகுதான் பேனாவ வச்சாரு. மகளுக்குச் சட போட்டு விட்டாரு. என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. ஒங்க பேரச் சொல்லிச் சாமி படத்துக்கிட்ட வெளக்கு வச்சேன். இப்ப மறுபடியும் செவத்தப் பாத்து ஒக்காந்துட்டாரு. இந்தத் தடவ பேனாவ மறுபடி எடுக்கவே முடியாத மாதிரி எழுதுங்க.

— என்னால ஏலாது. நான் பொய் எழுதினதே இல்ல.

— போன தடவ எழுதுனது?

— அது தெரியாம எழுதினது.

— இத தெரிஞ்சே எழுதுங்க.

— துஷ்யந்தி, நீங்க இந்தக் கொப்பியத் தொறந்தே பாக்கல்ல போல. இது எவ்வளவு நல்லா ஈக்கி எண்டு ஒங்களுக்கு விளங்கல்ல.

— வாசிச்சேங்க மிஸ். மரமெல்லாம் காயத்த எண்ணுற எடத்துல நானும் அழுதேன். நல்லா இல்லாட்டி நான் எதுக்கு ஒங்கள தேடி வாரேன், அவரே எழுத்த விட்டுருப்பாரு.